தினமும் 100 கி.மீ. ஆபீஸ் பயணம்: செலவும் குறையணும், ஓட்டவும் ஜாலியா இருக்கணும்... எந்த கார் கட்டுப்படியாகும்?

செங்கல்பட்டில் வீடு, கிண்டியில் வேலை. போக 50 கி.மீ., வர 50 கி.மீ. காலையில் ஆறு மணிக்குக் கிளம்பினால் பரனூர் டோல், சிங்கப்பெருமாள் கோவில், மறைமலை நகர் எல்லாம் சட்டென்று கடந்துவிடும். கூடுவாஞ்சேரி தாண்டியதும் வேகம் குறையும். கிளாம்பாக்கம், வண்டலூர், பெருங்களத்தூர் வந்தால் முதல் கியரும் இரண்டாவது கியரும் மட்டும்தான். மாலையில் இதே கதை, திசை மட்டும் மாறும்.

சென்னைக்குள் வாடகை கொடுத்துக் கட்டுப்படியாகாமல் புறநகருக்குப் போனவர்கள் பல ஆயிரம் பேர் இப்படித்தான் ஓடிக்கொண்டிருக்கிறார்கள். காஞ்சிபுரத்தில் இருந்து போரூர், மதுராந்தகத்தில் இருந்து மகேந்திரா சிட்டி, திருவள்ளூரில் இருந்து அம்பத்தூர் என்று ஊர் மாறினாலும் கேள்வி ஒன்றுதான். "பாஸ், டெய்லி 100 கி.மீ. ஓட்டணும். பெட்ரோலுக்கே சம்பளம் போயிடக் கூடாது. ஆனா மொக்க வண்டியும் வேணாம். எது வாங்கலாம்?"

2025 செப்டம்பர் 22 முதல் சின்ன கார்களுக்கான ஜிஎஸ்டி 18 சதவீதமாகக் குறைந்ததும் இந்தக் கேள்வி ரொம்பவே அதிகமாகிவிட்டது. நான்கு மீட்டருக்குள் நீளம், பெட்ரோல் என்றால் 1,200 சிசிக்குள், டீசல் என்றால் 1,500 சிசிக்குள் இன்ஜின் இருந்தால் இந்த 18 சதவீதம். முன்பு செஸ் சேர்த்து பெட்ரோலுக்கு 29, டீசலுக்கு 31 சதவீதம் கட்ட வேண்டியிருந்தது. எலெக்ட்ரிக் கார்களுக்கு அதே 5 சதவீதம் தொடர்கிறது.

விலை குறைந்தது சரி. ஆனால் தினமும் 100 கி.மீ. ஓட்டுபவருக்கு ஷோரூம் விலை ஆரம்பம் மட்டும்தான். மாதம் 25 நாள், வருடம் 300 நாள் என்று வைத்தால் 30,000 கி.மீ. சாதாரணமாக வீட்டு உபயோகத்துக்கு வாங்கும் கார் இரண்டரை, மூன்று வருடத்தில் ஓடும் தூரத்தை இவர் ஒரே வருடத்தில் ஓட்டிவிடுவார். அதனால் அக்கம்பக்கத்தில் சொல்லும் "இந்த வண்டி சூப்பர்" கணக்கு இவருக்குப் பொருந்தாது.

ஒரு விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடலாம். ஆபீஸ் கிண்டி ஸ்டேஷனில் இருந்து நடக்கிற தூரத்தில் இருந்தால் கடற்கரை - செங்கல்பட்டு மின்சார ரயிலை எந்தக் காராலும் செலவில் ஜெயிக்க முடியாது. 2025 ஏப்ரலில் இருந்து ஏசி ரயிலும் ஓடுகிறது. ஸ்டேஷனில் இறங்கி இன்னொரு பஸ், அதற்கப்புறம் ஒரு ஷேர் ஆட்டோ என்று அலைய வேண்டியவர்களுக்கும், நைட் ஷிஃப்ட்காரர்களுக்கும்தான் மற்றதெல்லாம்.

பிரோஷரில் 25, ரோட்டில் 18

மாருதி ஸ்விஃப்ட் மேனுவல் லிட்டருக்கு 24.8 கி.மீ. தரும் என்பது ஏஆர்ஏஐ சான்று. இது பொய் இல்லை. ஆனால் அந்தச் சோதனை நடப்பது ஆய்வகத்தில், உருளைகள் மேல் சக்கரத்தைச் சுழலவிட்டு, ஏசி போடாமல். அங்கே எதிர்க்காற்றும் கிடையாது, பெருங்களத்தூர் சிக்னலும் கிடையாது.

நிஜத்தில் இரண்டு எதிரிகள். ஒன்று, ஊர்ந்து போகும் நெரிசல். நின்று நின்று கிளம்பும் ஒவ்வொரு முறையும் ஒரு டன் எடையை மறுபடி உருட்ட வேண்டும். இன்னொன்று, காலியான ரோட்டில் நாமே ஏற்றிக்கொள்ளும் வேகம். 80-ல் போகும்போது காற்று தரும் எதிர்ப்பைவிட 100-ல் போகும்போது ஒன்றரை மடங்குக்கு மேல் அதிகம். செங்கல்பட்டு - கூடுவாஞ்சேரி இடையே 100-ல் பறந்து மிச்சம் பிடிக்கும் மூன்று, நான்கு நிமிடமும் வண்டலூரில் கரைந்துவிடும். எரிந்த பெட்ரோல் மட்டும் திரும்பி வராது.

மூன்றாவதாக இப்போது இ20 சேர்ந்திருக்கிறது. பெட்ரோலைவிட எத்தனாலில் ஆற்றல் மூன்றில் ஒரு பங்கு குறைவு. 20 சதவீதம் கலந்தால் மைலேஜ் கொஞ்சம் குறையத்தான் செய்யும். இ20-க்காகவே டியூன் செய்யப்பட்ட புது வண்டிகளில் 1 முதல் 2 சதவீதம்தான் குறையும் என்று நிதி ஆயோக்கின் 2021 அறிக்கை கணித்தது. பழைய வண்டிகளில் அது 6, 7 சதவீதம் வரை போகும் என்றும் அதே அறிக்கை சொன்னது. பழைய பெட்ரோல் கார் வாங்கி 100 கி.மீ. ஓட்ட நினைப்பவர்கள் இதை யோசிக்க வேண்டும்.

ஆக, ஸ்விஃப்ட்டுக்கு நெரிசலும் ஏசியும் சேர்த்து லிட்டருக்கு 18 கி.மீ. என்று வைத்துக்கொள்வோம். பெட்ரோல் 101 ரூபாய். நாள் ஒன்றுக்கு 560 ரூபாய், மாதம் 14,000 ரூபாய், வருடம் 1.68 லட்சம். இதை அடிப்படையாக வைத்து மற்ற வண்டிகளைப் பார்ப்போம்.

'ஜாலி' என்றால் என்ன?

ஜாலியான கார் என்றதும் பலருக்கும் நினைவுக்கு வருவது டாப் ஸ்பீடு. தினசரி ஓட்டத்தில் அதற்கு ஒரு பைசா மதிப்பு இல்லை. ஜிஎஸ்டி சாலையில் ஓட்டுநருக்கு உண்மையில் சந்தோஷம் தருவது வேறு. சர்வீஸ் ரோட்டில் இருந்து மெயின் ரோட்டில் ஏறும்போது, முன்னால் ஆம்னி பஸ்ஸோ லாரியோ போகும்போது, மூன்றாவது கியரில் 40-ல் இருந்து 80-க்கு வண்டி தயங்காமல் இழுக்கிறதா என்பதுதான் அது. காரில் பேசும்போது எல்லோரும் குதிரைத்திறனைக் கேட்பார்கள். இந்த இழுவையைத் தருவது டார்க்.

ஸ்விஃப்ட்டின் 1.2 லிட்டர் இன்ஜின் தருவது 112 நியூட்டன் மீட்டர் டார்க். அதிகம் இல்லை. ஆனால் வண்டியின் எடை சுமார் 920 கிலோதான் என்பதால் சுறுசுறுப்பாகத் திரும்பும், லேனுக்குள் லகுவாக நுழையும். ஹூண்டாய் ஐ20 என் லைனில் ஒரு லிட்டர் டர்போ இன்ஜின், 120 குதிரைத்திறன், 172 நியூட்டன் மீட்டர். இறுக்கமான சஸ்பென்ஷன், உறுமும் எக்ஸாஸ்ட் சத்தம் என்று ஓட்டுவதற்காகவே செய்த வண்டி. தயாராவதும் நம்ம ஸ்ரீபெரும்புதூர் பக்கம் இருங்காட்டுக்கோட்டையில்தான்.

பிரச்சினை என்னவென்றால், சின்ன டர்போ பெட்ரோல் இன்ஜின் காலின் அழுத்தத்துக்கு ஏற்றபடிதான் குடிக்கும். நெரிசலும் உற்சாகமும் கலந்தால் லிட்டருக்கு 14 கி.மீ. கிடைப்பதே பெரிது. வருட பெட்ரோல் செலவு 2.16 லட்சம். ஸ்விஃப்ட்டைவிட 48,000 ரூபாய் கூடுதல். வேலை நாள் ஒன்றுக்கு 160 ரூபாய். "தினமும் ஒரு பிரியாணி காசு, சந்தோஷத்துக்குப் போகட்டும்" என்பவர்களுக்கு இது தப்பான வண்டி இல்லை. ஆனால் 160 ரூபாய்க்கான சந்தோஷம் செங்கல்பட்டு முதல் கூடுவாஞ்சேரி வரை மட்டும்தான் கிடைக்கும். மீதி 25 கி.மீ.க்கு இறுக்கமான சஸ்பென்ஷன் முதுகுக்குத்தான் வேலை வைக்கும்.

டீசல் செத்துப் போச்சா?

2020 ஏப்ரலில் பிஎஸ்6 விதி வந்தபோது மாருதி டீசலை விட்டே வெளியேறியது. போலோவின் டீசலும் அப்போதே போனது. மறைமலை நகரில் ஃபிகோ டீசலைத் தயாரித்த ஃபோர்டு 2021-ல் இந்தியத் தயாரிப்பையே நிறுத்துவதாக அறிவித்தது. இன்றைக்கும் ஜிஎஸ்டி சாலையில் அந்த ஆலையைக் கடக்கும்போது பெருமூச்சு விடும் பழைய ஃபிகோ ஓனர்கள் உண்டு.

மிச்சம் இருப்பது டாடா அல்ட்ரோஸ். இந்தியாவில் இப்போது புதிதாக வாங்கக்கூடிய ஒரே டீசல் ஹேட்ச்பேக் இதுதான். 1.5 லிட்டர் இன்ஜின், 90 குதிரைத்திறன். கவனிக்க வேண்டியது டார்க்கை: 200 நியூட்டன் மீட்டர், அதுவும் 1,250 ஆர்பிஎம்மிலேயே கிடைத்துவிடும். ஸ்விஃப்ட்டில் கியரைக் குறைத்து இன்ஜினை விரட்ட வேண்டிய இடத்தில் அல்ட்ரோஸில் காலை லேசாக வைத்தால் போதும். நெடுஞ்சாலையில் அலுப்பில்லாத ஓட்டம் என்றால் இதுதான். இன்ஜின் சத்தம் கொஞ்சம் கரகரப்பு, கிளட்ச் கொஞ்சம் கனம்.

நிஜ மைலேஜ் 20 என்று வைத்தால், டீசல் 92 ரூபாய்க்கு வருடம் 1.38 லட்சம். ஸ்விஃப்ட் பெட்ரோலைவிட 30,000 ரூபாய் மிச்சம். டீசல் வண்டிக்குக் கூடுதலாகக் கொடுக்கும் ஒரு லட்சத்துச் சொச்சத்தை மீட்க மூன்று, நான்கு வருடம் ஆகும். வெறும் பணக்கணக்கில் இது பிரமாதம் இல்லை. இழுவைக்காக வாங்குகிறவர்களுக்கு, சந்தோஷம் கையைக் கடிக்காமல் கிடைக்கிறது என்பதுதான் லாபம்.

பிஎஸ்6 டீசல் என்றாலே "டிபிஎஃப் அடைச்சுக்கும்" என்ற பயம் பரவலாக இருக்கிறது. புகைக்கரியைப் பிடிக்கும் அந்த வடிகட்டி தன்னைத்தானே எரித்துச் சுத்தம் செய்துகொள்ள, வண்டி சூடாகிச் சீரான வேகத்தில் கொஞ்ச நேரம் ஓட வேண்டும். தினமும் நான்கு கி.மீ. ஸ்கூலுக்கும் மார்க்கெட்டுக்கும் ஓட்டுபவர்களுக்குத்தான் அது தொல்லை. காலையில் 25 கி.மீ. நெடுஞ்சாலை ஓட்டம் இருப்பவருக்கு அந்தப் பயம் தேவையில்லை. பத்து வருடத்தில் டீசல் வண்டியை ஓரங்கட்டச் சொல்லும் டெல்லி வட்டார விதியும் தமிழ்நாட்டுக்குப் பொருந்தாது.

சிஎன்ஜி: பர்ஸ் சிரிக்கும், வண்டி சிரிக்காது

பணம் மட்டும்தான் கணக்கு என்றால் விவாதத்தை இங்கேயே முடித்துவிடலாம். ஸ்விஃப்ட் சிஎன்ஜியின் சான்று மைலேஜ் கிலோவுக்கு 32.85 கி.மீ. நிஜத்தில் 26 என்றே வைப்போம். கிலோ 90 ரூபாய் என்றால் வருடம் 1.04 லட்சம். பெட்ரோலைவிட 64,000 ரூபாய் குறைவு. சிஎன்ஜிக்காகக் கூடுதலாகக் கொடுக்கும் தொகை ஒரு லட்சத்துக்குள்தான் என்பதால் ஒன்றரை வருடத்தில் போட்ட காசு திரும்பிவிடும்.

ஆனால் சிஎன்ஜியில் ஓடும்போது அதே இன்ஜினின் சக்தி 82 குதிரைத்திறனில் இருந்து 70-க்கு இறங்கிவிடும், டார்க்கும் 102 நியூட்டன் மீட்டர்தான். நான்கு பேரும் ஏசியும் இருந்தால் லாரியை ஓவர்டேக் செய்ய இரண்டு முறை யோசிக்க வேண்டும். டிக்கியில் சிலிண்டர் உட்கார்ந்துகொள்ளும். டாடாவின் இரட்டைச் சிலிண்டர் வண்டிகளில் இந்தத் தொல்லை குறைவு. மூன்று வருடத்துக்கு ஒருமுறை சிலிண்டருக்கு ஹைட்ரோ டெஸ்ட் கட்டாயம். முக்கியமாக, போகும் வழியிலேயே பங்க் இருக்கிறதா, காலை ஏழு மணிக்கு அங்கே ஆட்டோ வரிசை எவ்வளவு நீளம் என்று நேரில் போய்ப் பார்த்துவிட்டு வாங்குவது நல்லது. இரண்டு நாளுக்கு ஒருமுறை அந்த வரிசையில் நிற்கப் போவது நீங்கள்தான்.

எலெக்ட்ரிக்: கரண்ட் பில் பயமுறுத்தும், ஆனாலும்...

செலவும் குறைய வேண்டும், ஜாலியும் வேண்டும் என்று ஒரே மூச்சில் கேட்பவருக்கு இன்று நேரடியான பதில் எலெக்ட்ரிக்தான். டாடா நெக்ஸான் இவி 45 மாடலில் 215 நியூட்டன் மீட்டர் டார்க். அதுவும் ஆக்ஸிலரேட்டரைத் தொட்ட நொடியிலேயே கிடைக்கும். கிளட்ச் இல்லை, கியர் இல்லை. பெருங்களத்தூரில் ஊரும்போது பெட்ரோல் கார் வீணடிக்கும் ஆற்றலில் ஒரு பகுதியை, பிரேக் பிடிக்கும்போது இது பேட்டரிக்கே திருப்பி அனுப்பும். பெட்ரோல் கார் மிக மோசமாக நடந்துகொள்ளும் இடத்தில் எலெக்ட்ரிக் கார் மிக நன்றாக நடந்துகொள்ளும் என்பது இந்த ரூட்டுக்கு எழுதி வைத்தது போல இருக்கிறது.

ரேஞ்ச் பயமும் இங்கே செல்லாது. அந்த மாடலுக்குச் சோதனைச் சான்று 489 கி.மீ. வாடிக்கையாளர்களின் நிஜ ஓட்டத்தை வைத்து நிறுவனமே சொல்வது 350 முதல் 370 கி.மீ. தினமும் 100 கி.மீ. போய்வர அதில் மூன்றில் ஒரு பங்கு கூடத் தேவையில்லை. 100 கி.மீ.க்கு சார்ஜிங் இழப்பும் சேர்த்து 15 யூனிட் என்று வைத்தால், வீட்டு 15 ஆம்ப்ஸ் பிளக்கில் ஐந்து மணி நேரம் போதும். இரவு செருகிவிட்டுப் படுத்தால் காலையில் ரெடி.

இப்போது கரண்ட் பில். சோஷியல் மீடியாவில் "கி.மீ.க்கு ஒரு ரூபாய்" என்று சொல்வார்கள். தமிழ்நாட்டில் 100 கி.மீ. ஓட்டுபவருக்கு அது உண்மை இல்லை. நம்ம மின்கட்டணம் படிப்படியாக ஏறும் கட்டணம். இரண்டு மாதத்துக்கு 400 யூனிட் எரிக்கும் ஒரு வீட்டுக்கு, 2024 ஜூலையில் வந்த கட்டணப்படி பில் சுமார் 1,200 ரூபாய். கார் வந்ததும் இரண்டு மாதத்தில் 750 யூனிட் கூடும். மொத்தம் 1,150. 500 யூனிட்டைத் தாண்டியதும் குறைந்த கட்டணச் சலுகை போய்விடும். 800-க்கு மேல் யூனிட் 10.70, ஆயிரத்துக்கு மேல் 11.80. பில் கிட்டத்தட்ட 8,800 ரூபாய் வந்து நிற்கும்.

முதல் பில்லைப் பார்த்ததும் வீட்டில் சண்டை வரலாம். ஆனால் அதே இரண்டு மாதத்தில் ஸ்விஃப்ட்டுக்குப் பெட்ரோல் 28,000 ரூபாய். காருக்காகக் கூடிய கரண்ட் செலவு 7,600 ரூபாய்தான். வருடத்துக்கு 45,600. அதாவது மிக உயர்ந்த கட்டணப் படியில் ஏறிய பிறகும், பெட்ரோல் செலவில் நான்கில் ஒரு பங்கை ஒட்டித்தான் வருகிறது.

வீட்டில் சார்ஜ் போட முடியாதவர்கள் கதை வேறு. வெளியே ஃபாஸ்ட் சார்ஜரில் யூனிட் 20 ரூபாய்க்கு மேல் கொடுத்தால், நாள் செலவு 300 ரூபாயைத் தாண்டும். அது சிஎன்ஜி செலவுக்குப் பக்கத்தில் வந்துவிடும், காத்திருப்பு நேரமும் சேரும். அபார்ட்மென்ட்டில் சொந்த பார்க்கிங் இல்லை, இருந்தாலும் மீட்டரில் இருந்து லைன் இழுக்க சங்கம் ஒப்புக்கொள்ளவில்லை என்றால் எலெக்ட்ரிக் எண்ணத்தை இப்போதைக்கு விட்டுவிடலாம்.

யாரும் பெரிதாகப் பேசாத வாரண்டி

நெக்ஸான் இவி 45-க்கும் ஸ்விஃப்ட்டுக்கும் ஆன்ரோடு வித்தியாசம் சுமார் 6 லட்சம் என்று வைத்தால், வருடம் 1.22 லட்சம் எரிபொருள் மிச்சத்தில் அதை மீட்க ஐந்து வருடம் ஆகும். இதே வண்டியைத் தினமும் 40 கி.மீ. மட்டும் ஓட்டுபவர் வாங்கினால் மீட்க 12 வருடத்தை நெருங்கும். தூரம்தான் எலெக்ட்ரிக்கை லாபமாக்குகிறது.

அதே தூரம்தான் வாரண்டியையும் சாப்பிடுகிறது. எலெக்ட்ரிக் கார் பேட்டரிக்குப் பரவலாகக் கொடுக்கப்படும் வாரண்டி 8 வருடம் அல்லது 1.6 லட்சம் கி.மீ., இதில் எது முன்னால் வருகிறதோ அது. வருடம் 30,000 கி.மீ. ஓட்டுபவருக்கு எட்டு வருடம் என்பது காகிதத்தில்தான். ஐந்து வருடம் நான்கு மாதத்தில் முடிந்துவிடும். போட்ட பணம் திரும்பி, லாபம் ஆரம்பிக்கும் அதே சமயத்தில் பேட்டரிக்கான பாதுகாப்பு போய்விடுகிறது. அதனால்தான் இவர்களுக்கு 'லைஃப்டைம் பேட்டரி வாரண்டி' வெறும் விளம்பர வாசகம் இல்லை. எம்ஜி விண்ட்சர் அறிமுகமானபோதே அது முதல் ஓனருக்குக் கிடைத்தது. டாடாவும் 2025-ல் நெக்ஸான் இவி 45-க்குக் கொடுக்க ஆரம்பித்தது. முதல் ஓனருக்கு மட்டும், வாடகைக்கு ஓட்டாத வண்டிக்கு மட்டும் போன்ற நிபந்தனைகளைப் படித்துவிட்டுக் கையெழுத்துப் போட வேண்டும்.

விண்ட்சரில் இன்னொரு திட்டமும் உண்டு. பேட்டரி விலையைக் கழித்துக் குறைந்த விலைக்குக் காரை வாங்கி, ஓட்டும் தூரத்துக்கு பேட்டரி வாடகை கட்டலாம். 2024 செப்டம்பரில் அறிவித்தபோது கி.மீ.க்கு 3.50 ரூபாய். குறைவாக ஓட்டுபவருக்கு இது நல்ல டீல். 30,000 கி.மீ. ஓட்டுபவருக்கு? வாடகையே 1.05 லட்சம். கரண்ட்டும் சேர்த்தால் ஒன்றரை லட்சம். பெட்ரோல் ஸ்விஃப்ட்டுக்கும் இதற்கும் பெரிய வித்தியாசமே இல்லாமல் போய்விடுகிறது. முன்பணம் குறைவு என்று இந்தத் திட்டத்தில் நீண்ட தூரக்காரர்கள் மாட்டிக்கொள்ளக் கூடாது.

பெட்ரோல், டீசல் வண்டிகளிலும் இதே கதைதான். மாருதியும் டாடாவும் தருவது 3 வருடம் அல்லது ஒரு லட்சம் கி.மீ. மூன்று வருடத்தில் 90,000 ஓடியிருக்கும், தப்பித்தது. ஹூண்டாய் மூன்று வருடத்துக்கு தூர வரம்பே வைப்பதில்லை. எக்ஸ்டெண்டட் வாரண்டி எடுக்கும்போது வருடத்தைப் பார்க்காமல் கி.மீ. வரம்பைப் பார்க்க வேண்டும். 10,000 கி.மீ.க்கு ஒரு சர்வீஸ் என்றால் வருடத்தில் மூன்று சர்வீஸ். நான்கு டயரும் ஒன்றரை வருடத்தில் மாற்ற வேண்டிவரும். இதையும் மாத பட்ஜெட்டில் போட்டுவைக்காவிட்டால் திடீரென்று ஒரு மாதம் இடிக்கும்.

ஹைபிரிட் கார்களைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ஹோண்டா சிட்டி, டொயோட்டா ஹைரைடர் போன்றவை நெரிசலிலும் லிட்டருக்கு 20-க்கு மேல் தரும் அருமையான வண்டிகள். 1,200 சிசிக்கு மேல் இன்ஜின் என்பதால் 40 சதவீத ஜிஎஸ்டி. சிக்கனத்துக்காக இவ்வளவு செலவு செய்வது எல்லோருக்கும் முடியாது.

டோல்: வருட பாஸா, லோக்கல் பாஸா?

2025 ஆகஸ்ட் 15 முதல் ஃபாஸ்டேக் வருடாந்திர பாஸ் வந்திருக்கிறது. அறிமுகமானபோது 3,000 ரூபாய்க்கு 200 முறை அல்லது ஒரு வருடம், எது முன்னால் முடிகிறதோ அது. தேசிய நெடுஞ்சாலை டோல்களுக்கு மட்டும். "வருஷத்துக்கு மூவாயிரம்தானே" என்று நினைத்தால், தினமும் போய்வருபவருக்கு 200 முறை என்பது 100 வேலை நாள்தான். நான்கு மாதத்தில் தீர்ந்துவிடும். வருடத்துக்கு மூன்று பாஸ், அந்த விலைப்படி 9,000 ரூபாய்.

டோல் பிளாசாவில் இருந்து 20 கி.மீ.க்குள் வீடு இருப்பவர்களுக்கு சொந்த உபயோக வாகனத்துக்கு மாதாந்திர லோக்கல் பாஸ் உண்டு. மாதம் சுமார் 350 ரூபாய். வருடத்துக்கு 4,200. செங்கல்பட்டு வாசிக்குப் பரனூரில் இதுதான் பாதி விலை. முகவரிச் சான்றும் ஆர்.சி.யும் எடுத்துக்கொண்டு பிளாசா அலுவலகத்தில் கேட்க வேண்டும். மதுராந்தகத்தில் இருந்து வருபவர்களுக்கு 20 கி.மீ. எல்லை தாண்டிவிடும் என்பதால் வருடாந்திர பாஸ்தான் வழி.

வருடத்தில் 900 மணி நேரம்

போக ஒன்றரை மணி, வர ஒன்றரை மணி. வருடத்துக்கு 900 மணி நேரம். முழு நாட்களாக எண்ணினால் 37 நாள் டிரைவர் சீட்டிலேயே கழிகிறது. அப்படிப் பார்த்தால் சன்ரூஃப்புக்கும் பெரிய ஸ்கிரீனுக்கும் கொடுக்கும் காசை வேறு இடத்தில் போடுவது புத்திசாலித்தனம். சீட்டின் தொடைப்பகுதி காலைத் தாங்குகிறதா, ஸ்டியரிங் உயரம் சரிசெய்ய முடிகிறதா, இரவில் எதிரே ஹைபீம் அடிக்கும் பஸ்களுக்கு நடுவே நம்ம ஹெட்லைட் போதுமா என்பதெல்லாம் மாதம் முழுக்க அனுபவிக்கப் போகிற விஷயங்கள்.

இன்னொன்று, தூக்கக் கலக்கத்தில் வீடு திரும்பும் மாலைகள். அதிகாலையும் இரவும் லாரிகளுக்கு நடுவே ஓடும் வண்டிக்கு மோதல் பாதுகாப்பு ரேட்டிங் முக்கியம். அல்ட்ரோஸ், நெக்ஸான் இவி இரண்டும் ஐந்து நட்சத்திரம் வாங்கியவை. மாருதியில் அந்த ஐந்து நட்சத்திரம் வேண்டும் என்றால் ஸ்விஃப்ட்டைத் தாண்டி, அதே இன்ஜினோடு வரும் டிசையருக்குப் போக வேண்டும். 2024 நவம்பரில் குளோபல் என்கேப் சோதனையில் அது ஐந்து நட்சத்திரம் பெற்றது. ஸ்விஃப்ட்டின் துறுதுறுப்பு கொஞ்சம் குறையும், பின்சீட் வசதி கூடும். சிஎன்ஜியிலும் கிடைக்கிறது.

அப்போ எதைத்தான் வாங்குவது?

சொந்த வீடு, சொந்த பார்க்கிங், தினமும் 80 கி.மீ.க்கு மேல் ஓட்டம், வண்டியை ஆறேழு வருடம் வைத்திருக்கும் எண்ணம் - இந்த நான்கும் இருந்தால் லைஃப்டைம் பேட்டரி வாரண்டியுடன் ஒரு எலெக்ட்ரிக். மூன்று வருடத்தில் மாற்றிவிடும் பழக்கம் இருந்தால் வேண்டாம், போட்ட காசு திரும்பாது.

வாடகை வீடு, சார்ஜிங் வசதி இல்லை, ஆனால் ஓட்டுவதில் ஆசை உண்டு என்றால் அல்ட்ரோஸ் டீசல். அதை எவ்வளவு நாள் விற்பனையில் வைத்திருப்பார்கள் என்பது நிறுவனத்தின் கையில்தான் இருக்கிறது. ஆசையெல்லாம் அப்புறம், ஈஎம்ஐ கட்டினால் போதும் என்ற நிலை என்றால் சிஎன்ஜி டிசையர் அல்லது ஸ்விஃப்ட். வாரத்தில் இரண்டு, மூன்று நாள் வீட்டில் இருந்து வேலை என்றால் வருட ஓட்டம் 15,000-க்கு வந்துவிடும். அங்கே இந்தக் கணக்கெல்லாம் தலைகீழ், சாதாரண பெட்ரோல் ஸ்விஃப்ட்டே போதும். அந்த நிலையில் ஐ20 என் லைனுக்கு ஆகும் கூடுதல் பெட்ரோல் செலவும் பாதியாகிவிடும், மனசு கேட்டால் வாங்கலாம்.

டெஸ்ட் டிரைவ் விஷயத்தில் மட்டும் ஒரு பிடிவாதம் பிடிக்கலாம். ஷோரூம்காரர்கள் ஞாயிறு மதியம் காலியான ரோட்டில் பத்து நிமிடம் ஓட்டக் கொடுப்பார்கள். அந்த நேரத்தில் எல்லாக் காரும் நல்ல கார்தான். திங்கட்கிழமை காலை எட்டு மணிக்கு வண்டலூரில் இருந்து தாம்பரம் வரை ஓட்டிப் பார்க்கக் கேளுங்கள். கிளட்ச் கனமா, ஏஎம்டி கியர் குலுக்குகிறதா, ஏசி நின்றுகொண்டே குளிர்கிறதா என்பது அந்த ஆறு, ஏழு கி.மீ.யில் தெரிந்துவிடும்.